கை தூக்கிச் சிரிப்பவர்கள்

1

இன்று நவம்பர் ஐந்து. இந்த நாட்டில் பட்டாசு வெடிக்கும் நாள். நம் பக்கம் தீபாவளி முடிந்து, லோடு லாரிகள் ஓய்ந்து, கம்பெனிக்காரர்கள் ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற நேரத்தில் இவர்களுக்கு வெடி ஆரம்பிக்கிறது. முன்னொரு காலத்தில் ஒருவன் பார்லிமெண்டுக்கு அடியில் வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கி ராஜாவைத் தீர்த்துவிடப் பார்த்தானாம். பிடித்துவிட்டார்கள். வெடி வெடிக்காமல் போன அந்தச் சந்தோஷத்தை வெடி வெடித்தே கொண்டாடுகிறார்கள். காலையில் இதை ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னபோது சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் சிரித்தேன்.

அப்படித் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தேனே, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சபை இதழுக்குச் சீமை அனுபவம் எழுதி அனுப்பும்படி விருதுநகரிலிருந்து கேட்டிருந்தீர்கள். பனியைப் பற்றி, அரண்மனையைப் பற்றி எதிர்பார்த்திருப்பீர்கள். பனி பெய்யும்போது நான் உள்ளே இருந்தேன். அரண்மனை இருக்கும் ஊருக்கு நான் இன்னும் போகவில்லை.

நான் இருப்பது வடக்கே, ஒரு மில் டவுனுக்கு வெளியே, மேட்டின்மேல் கட்டிய மனநோய் ஆஸ்பத்திரியில். மூன்று வருஷப் பயிற்சி. முதல் வருஷம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. ஆஸ்பத்திரி ஆபீஸில் ஞானராஜ் என்ற பேரை வாய்க்குள் இரண்டு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "ராஜ் போதும்" என்று எழுதிக்கொண்டார்கள். வந்த அன்றே இடுப்பில் ஒரு சங்கிலியும் அதன் நுனியில் சாவியும் மாட்டிவிட்டார்கள். ஒரு கதவைத் திறந்து உள்ளே போனால் அதைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்த கதவுக்குப் போக வேண்டும். பூட்டிய பிறகு ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். ஜன்னல்கள் உள்ளங்கை அகலத்துக்குமேல் திறக்காது.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் போவதற்கு இடம் கிடையாது. கப்பல் செலவுக்கு நீங்கள் ஞாயிறு தவறாமல் காணிக்கை எடுத்தது எனக்கு மறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசல்படியை மிதித்த முதல் ஆள் நான். சான்றிதழ் இல்லாமல் எம். புதுப்பட்டிப் பஸ்ஸிலிருந்து இறங்க என்னால் முடியுமா?

2

எங்கள் வார்டுக்குப் பெரியவர் நாரிஸ் என்ற சார்ஜ் நர்ஸ். கெட்டவர் இல்லை. கறாரானவர். டூட்டி மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நாங்கள் வாயால் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரு நோயாளியைப் பற்றி, "நேற்றுச் சிரித்தார்" என்று சொன்னேன்.

"எந்தச் சிரிப்பு?" என்று கேட்டார் நாரிஸ்.

சிரிப்பில் எந்தச் சிரிப்பு என்று முழித்தேன். அன்றைக்கு அவர் என்னை நிறுத்திவைத்துப் பாடம் சொன்னார். இங்கிலீஷில் சிரிப்புக்கு ஒரு வார்த்தை போதாது. சத்தத்துக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று, ஆளின் தரத்துக்கு ஒன்று. நான் உட்கார்ந்து நெட்டுருப் போட்டேன். மறக்காமல் இருக்க, ஒவ்வொரு வார்த்தைக்கும் நம் ஊர் ஆள் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்தேன்.

கிகிள் என்றால் ஞாயிறு பள்ளியில் ஜெப நேரத்தில் கடைசி வரிசையில் களுக்கென்று கிளம்பி, பக்கத்துப் பிள்ளைக்குத் தொற்றி, வரிசை முழுக்கப் பரவுகிற சிரிப்பு. சக்கிள் என்பது வயிறு நிறைந்த மனுசன் தனக்குள் சிரிப்பது. உளுந்து விலை ஏறுகிறது என்று தந்தி வந்ததும் விருதுநகர்ச் சரக்குக் கிட்டங்கி முதலாளி திண்டில் சாய்ந்துகொண்டு சிரிப்பாரே, அது. டிட்டர் என்றால் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பல் தெரியக் கூடாது என்று சிரிப்பது. காக்கிள் முட்டையிட்ட கோழி. கஃபா என்றால் திருத்தங்கல் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தாரே, அவர். அவர் சிரித்தால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் மூட்டையைத் தலையில் தூக்கிவிடுவார்கள், பஸ் வருகிறதென்று.

ஸ்னிக்கர் என்பது நமட்டுச் சிரிப்பு. வாயை மூடிக்கொண்டு அடுத்தவனை இளப்பமாகச் சிரிப்பது. இதற்கு மட்டும் ஆள் தேட வேண்டிய வேலை எனக்கு வைக்கவில்லை. நாரிஸே பிடித்துக் கொடுத்தார். ஒருநாள் டீ நேரத்தில் எல்லோரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது என் பக்கம் திரும்பி, "ராஜ், நீ ஏன் எங்களைப் பார்த்து எப்போதும் ஸ்னிக்கர் செய்கிறாய்?" என்று கேட்டார். நான் அவர்களோடு சேர்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நானும் சறுக்காமல் இல்லை. நோயாளிகளுக்குக் கேக் கொண்டுவந்த ஒரு சீமாட்டி நன்றாகக் காக்கிள் செய்தார் என்று அவர் காதில் விழும்படியே பாராட்டிவிட்டேன். அவர் அதற்கப்புறம் எங்கள் வார்டுக்குக் கேக் கொண்டுவருவதில்லை.

ஆனால் நாரிஸ் அந்தப் பாடத்தை முடித்தபோது சொன்னது விளையாட்டில்லை. "சக்கிள் செய்கிறவன் வீட்டுக்குப் போகலாம். ஆளில்லாத பக்கம் திரும்பி ஸ்னிக்கர் செய்கிறவன் காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அர்த்தம். அவன் இங்கேயே இருப்பான்."

3

எங்கள் அம்மா மரியம்மாளைப் புதுப்பட்டியில் உள்ளவர்களுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை. சீசன் நேரத்தில், பள்ளிக்கூட லீவுக்கு, நானும் கூடப் போய்க் குழாய் அடுக்கியிருக்கிறேன். வெடிமருந்து அறைக்கு உள்ளே போனால் கால்செருப்புக் கிடையாது, வளையல் கிடையாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். சுவரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அது சிரிப்புக்கு.

மருந்து என்பது மாவைவிட மெலிசு. மூச்சுப் பட்டாலே கிளம்பும். கை உதறினால் தட்டு உரசும். வாயைப் பொத்தலாம் என்றால் விரலெல்லாம் மருந்து. அதற்காக ஐந்தாறு பெண்பிள்ளைகள் நாள் முழுக்கச் சிரிக்காமல் இருக்க முடியுமா? அதிலும் செல்லத்தாய் அத்தை அந்த அறையில் இருந்தால்? போர்மேன் நடப்பதை அவள் தலையை ஆட்டாமல் கண்ணாலேயே நடந்து காட்டுவாள்.

அதனால் அவர்களுக்கென்று ஒரு சிரிப்பு உண்டாகிவிட்டது. முதலில் கை நிற்கும். இரண்டு கையும் தட்டைவிட்டு மேலே வந்து, அந்தரத்தில் விரித்தபடி நிற்கும். பிறகு முகம் மருந்தைவிட்டு விலகி இடது தோளுக்குத் திரும்பும். வாய் இறுக மூடியிருக்கும். அதற்கப்புறம்தான் சிரிப்பு, மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக. சிரித்து முடித்து மூச்சு அடங்கினதும் முகம் திரும்பும். கடைசியில் கை இறங்கும்.

புதுசாக வேலைக்கு வந்த ஒரு பெண், வரிசையில் கடைசி ஷெட்டில், வாய்விட்டுச் சிரித்தாளாம். அந்த ஷெட் இப்போது இல்லை. சிரிப்பால்தான் அது நடந்தது என்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் புதுசாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்: "கையத் தூக்கிட்டுச் சிரி."

அம்மா வீட்டிலும் அப்படித்தான் சிரிப்பாள். மாவு பிசையும்போது, துணி துவைக்கும்போது, சபையில் போதகர் தமாஷாக எதையாவது சொல்லும்போதுகூட. எனக்கும் அது தொற்றிக்கொண்டது. விருதுநகர்க் கல்லூரி விடுதியில் பையன்கள், "ஏலே, இவன் என்னலே சாமியார் ஆசீர்வாதம் பண்ற மாதிரி சிரிக்கான்" என்று என்னைச் சுற்றி நின்று கையைத் தூக்குவார்கள்.

நான் புறப்பட்ட அன்று விருதுநகர் ஜங்ஷனில் அம்மா அழுவாள் என்று பயந்து, சீமையில் எனக்கு இங்கிலீஷ்காரப் பெண் பார்த்து வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். கை இரண்டும் மேலே வந்தது. முகம் தோளுக்குத் திரும்பிவிட்டது.

"இங்கன என்னம்மா மருந்தா இருக்கு? வாய்விட்டுச் சிரியேன்" என்றேன்.

"கை பழகிருச்சுய்யா" என்றாள். "வேற மாதிரி வரமாட்டேங்கு."

4

எங்கள் வார்டில் ஒருவர். அவருக்கு ஆர்தர் என்று பேர் வைத்துக்கொள்கிறேன். அறுபது வயசு இருக்கும். பல வருஷமாக உள்ளே இருக்கிறார். யாரையும் அடித்ததில்லை, வைததில்லை. யுத்தம் முடிந்தபின் மனைவி செத்து, சாப்பிடாமல் கிடந்து, இங்கே கொண்டுவரப்பட்டவர். அந்தத் துக்கம் எப்போதோ கரைந்துவிட்டது. ஆனாலும் அவரை வெளியே விடவில்லை. காரணம் அவருடைய சிரிப்பு. ஆளில்லாத பக்கம் திரும்பி ஸ்னிக்கர் செய்கிறார், கையை வேறு தூக்குகிறார், யாரையோ பார்க்கிறார். வருஷக்கணக்காக ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

தோட்டத்துக்கு நடுவில் ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் வாசலைப் பகலில் பூட்டுவதில்லை. அங்கே போகிறவர்கள் தோட்ட வேலை செய்யலாம், ஊருக்குள் போய்ப் புகையிலை வாங்கலாம், பிறகு வீட்டுக்கும் போகலாம். ஆர்தர் அங்கே போகக் கேட்டிருந்தார். அவர் தங்கச்சியும் அங்கிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தாள். பெரிய டாக்டர் வாரம் ஒருநாள் வந்து பார்க்கும்போது முடிவு சொல்ல வேண்டும்.

அவர் பேசுகிற இங்கிலீஷ் புத்தக இங்கிலீஷ் இல்லை. நம் புதுப்பட்டிப் பேச்சு மாதிரி பாதி வார்த்தையை விழுங்கிவிடும். அதனால் நான் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

ஒரு மத்தியானம் நானும் அவரும் டாமினோ என்கிற புள்ளிக்கட்டை ஆடிக்கொண்டிருந்தோம். வார்டில் இன்னொருவர் உண்டு. இந்த ஆஸ்பத்திரியே தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பவர். நாங்கள் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். தினமும் ஒரு தடவை கோட்டுப் பித்தானை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து நாரிஸை வேலையிலிருந்து நீக்குவார். நாரிஸும் "சரி ஐயா" என்பார். அன்றைக்கு நாரிஸுக்கு அலுப்பு. "நல்லது ஐயா, நான் எப்போது கிளம்பலாம்?" என்று கேட்டார். முதலாளி கொஞ்சம் யோசித்தார்.

"உன் இடத்துக்கு வேறு ஆள் கிடைக்கட்டும். அதுவரை இரு."

எனக்கு அடக்க முடியவில்லை. கட்டையைக் கீழே வைத்தேன். கை மேலே போனது. முகத்தைத் தோளுக்குத் திருப்பிச் சிரித்து முடித்து நிமிர்ந்தால், எதிரே ஆர்தரின் கையும் அந்தரத்தில் நிற்கிறது. முகம் இடது தோளில். மூக்கு வழியாகச் சிரிப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.

அவர் திரும்பி என் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். இரண்டு பேரும் மெதுவாக இறக்கினோம்.

"நீ எங்கன வேலை பாத்த?" என்று கேட்டார்.

பட்டாசுக் கம்பெனி என்றேன். நீங்கள் என்று கேட்டேன். சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். "யுத்தத்துல. பாதி மண்ணுக்குள்ள பொதைச்ச ஷெட்டு. வாசல்லயே தீப்பெட்டிய வாங்கி வச்சுக்கிடுவாக. குண்டுக்கு மருந்து அடைக்கணும். வெளிய சொல்லக் கூடாதுன்னாக. நானும் சொல்லல."

யுத்தம் முடிந்து இருபது வருஷம் ஆகப்போகிறது, இனிமேல் சொல்லலாமே என்றேன். "சொல்லலாம்னு யாரும் சொல்லலியே" என்றார்.

5

நாரிஸிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆர்தரின் கேஸ் தாளில் தொழில் கூலி என்றுதான் எழுதியிருக்கிறது என்றார். பயிற்சிக்கு வந்தவன் வியாதியைக் கண்டுபிடிக்க வேண்டாம், படுக்கையை விரித்தால் போதும் என்றார். கடைசியில் கொஞ்சம் இரக்கத்தோடேயே சொன்னார்: "நீயும் ஆர்தர் மாதிரிதான் சிரிக்கிறாய் என்று இன்னொருவரிடம் சொல்லாதே. அப்புறம் நான் இரண்டு பேரைப் பற்றி ரிப்போர்ட் சொல்ல வேண்டிவரும்."

அவர் மிரட்டினாரா, எச்சரித்தாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் பயிற்சிக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். அன்று முழுக்கக் காணிக்கைத் தட்டு என் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது.

பெரிய டாக்டர் வந்த அன்று நாங்கள் வரிசையாக நின்றோம். மாத்திரைத் தட்டு என் கையில். டாக்டருக்குப் பின்னால் இரண்டு சின்ன டாக்டர்கள். ஆர்தர் நாற்காலிக்குப் பக்கத்தில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார். தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார்.

ஆர்தர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், சண்டை இல்லை என்று நாரிஸ் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனால் இன்னும் ஆளில்லாத பக்கம் திரும்பி ஸ்னிக்கர் செய்கிறார்" என்றார்.

"அப்படியானால் அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று டாக்டர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

ஆர்தர் காலரிலிருந்து கையை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் என் வாய் திறந்துவிட்டது.

"சார், அது ஸ்னிக்கர் இல்லை."

எல்லோரும் திரும்பினார்கள். "பின்னே என்ன?" என்று கேட்டார் டாக்டர்.

நெட்டுருப் போட்ட வார்த்தைகளை எல்லாம் தேடினேன். கிகிள், சக்கிள், டிட்டர் எதுவும் பொருந்தவில்லை. தமிழில் தேடினேன். அதிலும் இல்லை. "என் அம்மா அப்படித்தான் சிரிப்பாள், சார்" என்றேன்.

"உன் அம்மா எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்?"

சின்ன டாக்டர்கள் சிரித்தார்கள். ஒருவர் டிட்டர், ஒருவர் கஃபா. நாரிஸ் சிரிக்கவில்லை.

"பட்டாசுக் கம்பெனியில், சார். மருந்து செலுத்துகிறாள். ஆர்தரும் யுத்தத்தில் அந்த வேலைதான் பார்த்தார்." அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் ஆர்தரைப் பார்த்து அப்படியா என்று கேட்டார். ஆர்தர் வாயைத் திறக்கவில்லை. வெளியே சொல்லலாம் என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

நான் தீர்ந்தேன் என்று நினைத்தேன். அப்போதுதான் முதலாளி வந்தார். கோட்டுப் பித்தான் எல்லாம் மாட்டியிருந்தது. டாக்டருக்கு நேரே வந்து நின்று, உங்கள் வேலை எனக்குத் திருப்தியாக இல்லை என்று சொல்லி அவரை நீக்கிவிட்டார். டாக்டர் வாயடைத்து நிற்பதைப் பார்த்து மனம் இளகி, "வேறு ஆள் கிடைக்கும்வரை இருந்துகொள்ளலாம்" என்றார்.

தட்டை நாற்காலிமேல் வைத்தது எனக்குத் தெரியாது. கை போய்விட்டது. முகம் தோளுக்குப் போய்விட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் திறந்தேன். டாக்டர் என்னையும் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. ஆர்தரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்தரின் கை இரண்டும் அந்தரத்தில் நின்றன. மூக்கு வழியாகக் கடைசி மூச்சு இறங்கியது. முகம் திரும்பியது. கை இறங்கியது.

டாக்டர் அவர் பக்கத்தில் போய், குரலைத் தணித்துக் கேட்டார். "கையை ஏன் தூக்குகிறீர்கள்?"

ஆர்தர் தன் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"கை வேணும்ல, சார்."

6

திங்கள்கிழமை ஆர்தர் தோட்டத்துக் கட்டடத்துக்குப் போனார். பெட்டியை நான்தான் தூக்கிப்போனேன். வாசலில் அவர் கதவை இழுத்துப் பார்த்தார். அது பூட்டாமல் கிடந்ததால் கையோடு வந்துவிட்டது. கொஞ்சம் தடுமாறித்தான் உள்ளே போனார். கிறிஸ்துமஸுக்குள் தங்கச்சி வந்து கூட்டிப்போவாள் என்கிறார்கள்.

நாரிஸ் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் டீ நேரத்தில் யாராவது எதையாவது சொல்லிச் சிரித்தால் எல்லோருடைய கண்ணும் ஒரு நொடி என் கையில் வந்து நிற்கிறது. அதனால் இப்போதெல்லாம் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறேன். அப்படி வைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இன்று சாயங்காலம் தோட்டத்தில் விறகு குவித்துத் தீ மூட்டினார்கள். இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். எங்கள் வார்டுக்காரர்கள் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் நின்றேன். உள்ளங்கை அகலத் திறப்பு வழியாகக் கந்தக வாடை உள்ளே வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வரும் அம்மாவின் சேலையில் அடிக்கிற வாடை. எனக்குச் சம்பளம் வந்ததும் அவளை அந்த அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். இன்னும் இரண்டு வருஷம் அவள் கையைத் தூக்கித்தான் சிரிக்க வேண்டும்.

கீழே ஒரு ராக்கெட் மேலே போகாமல் தரையோடு சீறிக்கொண்டு ஓடியது. நாரிஸ் எகிறிக் குதித்தார். தொப்பி கழன்று சேற்றில் விழுந்தது. கூட்டத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நடுவில் ஒருவர் மட்டும் இரண்டு கையையும் விரித்துத் தூக்கியபடி தோளுக்குத் திரும்பி நின்றார். பிறகு நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நான் பைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தூக்கினேன். அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

"உன் இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டதா?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. முதலாளி.

"இன்னும் இல்லை, ஐயா."

"அப்படியானால் இரு."

சரி என்றேன். ஜன்னலைச் சாத்தி, எல்லோரையும் படுக்கைப் பக்கம் அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டினேன். பூட்டிய பிறகு ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன்.